1942 நார்வே ஆசிரியர்கள் பற்றிப் படிக்க ஏதாவது கிடைக்குமா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 1942-இல் நாஜி ஆதரவாளர் குவிஸ்லிங்கின் அரசு, நார்வே ஆசிரியர்கள் எல்லோரும் தன் புதிய சங்கத்தில் சேர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, பெரும்பாலானோர் மறுத்து, ஒரே வாசகத்தில் கடிதம் எழுதி, அவரவர் கையெழுத்தைப் போட்டே அனுப்பினார்கள். சுமார் 1,100 பேர் கைதானார்கள். அதில் 500 பேர் வரை கப்பலில் அடைக்கப்பட்டு வடகோடியிலுள்ள கிர்கெனெஸ் போய், ஜெர்மன் ராணுவத்துக்காக மூட்டை இறக்கினார்கள். அப்படியும் சங்கம் தேறவில்லை, மிச்சம் இருந்தவர்களையும் நவம்பரில் விட்டுவிட்டார்கள். என்ன நெஞ்சுரம்!

இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசை. அவர்களின் நாட்குறிப்போ கடிதமோ ஆங்கிலத்தில் கிடைக்குமா? அப்புறம், நார்வேயில் இருப்பவர்கள், அங்கே வகுப்பில் இதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று கொஞ்சம் எழுதுங்களேன்.