பனிமூட்டத்தில் உயரும் பிஎம் 2.5 அளவு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் (வரிசை) வீடுகளில் விறகடுப்புப் புகை எவ்வளவு சேர்கிறது என்பதை அறிய, ஹட்டனுக்கு அருகேயுள்ள எங்கள் தோட்டத்தில், பிஎம்எஸ்5003 துகள் உணரியை ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் பலகையுடன் இணைத்து ஒரு கருவி செய்திருக்கிறேன். உணரிக்கு 5 வோல்ட் மின்சாரம், தரவுக் கம்பிகளுக்கு 3.3 வோல்ட் என்பதால் இணைப்பில் சிக்கல் எழவில்லை. குசினிக்குள் அடுப்பு மூட்டியதும் பிஎம் 2.5 அளவு (2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள நுண்துகள்களின் செறிவு) ஏறி, கதவைத் திறந்ததும் இறங்குகிறது.

ஆனால் வெளியே கூரையோரம் பொருத்தினால், எந்த வீட்டிலும் அடுப்பு எரியாத விடியற்காலையிலும், பனிமூட்டம் இறங்கியவுடன் பிஎம் 2.5 அளவு கிடுகிடுவென உயர்கிறது. லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டே இவ்வுணரி துகள்களைக் கணிப்பதால், நீர்த்துளியையும், ஈரத்தை உறிஞ்சிப் பருத்த துகளையும் அது புகையாகவே எண்ணிக்கொள்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த 24 மணி நேர வரம்பு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம் மட்டுமே; இந்தப் பிழையைக் களையாமல் அதனுடன் ஒப்பிடுவது பிள்ளைகளின் உடல்நலம் பற்றிய தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

பிஎம்இ280 ஈரப்பத உணரியைச் சேர்த்துக் கணக்கில் திருத்துவதா, உள்ளிழுக்கும் குழாயை இலேசாகச் சூடாக்குவதா? எத்தனை சதவீத ஈரப்பதத்துக்கு மேல் பதிவான அளவுகளை ஒதுக்கிவிடலாம்? ஈஎஸ்பி32 பலகையின் சூடு ஈரப்பத அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், ஒரே பெட்டிக்குள் இரண்டையும் எவ்வாறு பிரித்து வைப்பது? நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இத்தகைய கருவியை வெளியில் இயக்கியவர்கள் தங்கள் அனுபவத்தை அறியத் தந்தால் பேருதவியாக இருக்கும். கேட்பவர்களுக்கு என் தரவுக் கோப்புகளை அனுப்பிவைக்கிறேன்.