ஜன்னலோரக் கறிவேப்பிலையில் பார்த்தது

(ஜன்னல் தொட்டியில் செடி வளர்க்கும் சென்னைவாசிகளின் உரையாடல். பெயருக்குப் பதிலாக அவரவர் வசிக்கும் பகுதி.)

பெரம்பூர்:
மூன்றாவது மாடி, பால்கனி கிடையாது. அடுப்படி ஜன்னல் திண்டில்தான் கறிவேப்பிலைத் தொட்டி, பக்கத்தில் புதினா. போன ஆடியில் ஒரு நாள் ரசம் தாளிக்கக் கொத்து கிள்ளப் போனால், இலை நடுவில் காக்காய் எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தட்டிவிடப் பார்த்தேன். தலைப்பக்கத்திலிருந்து செம்மஞ்சளாக, ஈரமாக, இரண்டு கொம்பு நீண்டது. நூல் தடிமன்தான் இருக்கும். கூடவே அழுகின நாரத்தங்காய் போல ஒரு நெடி. பதறிப்போய் அந்தக் கொத்தையே ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டு மூடிவிட்டேன். சாயங்காலம் பள்ளி விட்டு வந்த மகள் கேட்டுவிட்டு, "அது பட்டாம்பூச்சிப் புழும்மா" என்றாள். ஓடிப்போய்க் கூடையைத் திறந்தேன். குப்பை வண்டி வந்து போயிருந்தது. இன்னமும் அந்தக் கொம்பு கண்ணிலேயே நிற்கிறது.

வேளச்சேரி:
எனக்குப் புதினா. 2019 ஜூன், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்த சமயம். லாரித் தண்ணீரைக் குடத்தில் எண்ணி எண்ணிச் செலவழித்தோம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டிக்கு ஊற்றினேன். மூன்றே வாரத்தில் இலை ஓரமெல்லாம் பழுப்பு. மண் மேலே வெள்ளையாகப் படிந்ததைப் பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தேன். உப்பு. ஆசையாக ஊற்றினது அத்தனையும் உப்பு.

மேற்கு மாம்பலம்:
பெரம்பூர் சகோதரி, அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் மூன்றும் ஒரே குடும்பம். அதே பட்டாம்பூச்சிகள்தான் முட்டையிடும். சின்னதில் எச்சம் போல இருக்கும், வளர்ந்தால் பச்சை. ஏறக்குறைய இரண்டு வாரம் தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். செடி மறுபடி துளிர்க்கும். என் வீட்டில் ஒரு தடவை மொட்டையடித்துவிட்டுப் போனது, அவ்வளவுதான் என் கதை.

வேளச்சேரி நண்பருக்கு: தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. தொட்டியில் ஓட்டை அடைத்திருந்தால் உப்பு வெளியேற வழியில்லை. அடியில் ஓட்டுச்சில்லு வைத்து, மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் மட்கின உரமும் கலந்து, மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரை அடிவழியே ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். மழைத்தண்ணீர் பிடித்தால் இன்னும் நல்லது. அப்புறம், யாரும் கொத்தமல்லி பற்றிப் பேசவில்லை. தனியாவை முழுசாகப் போடாதீர்கள். ஒவ்வொரு தனியா மணிக்குள்ளும் இரண்டு விதை இருக்கும், லேசாகத் தேய்த்துப் பிளந்து ஊன்றுங்கள். மார்கழி, தை நல்ல காலம். சித்திரை வெயிலில் இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும். வெளிச்சம் குறைந்த வீடென்றால் ஓமவல்லி வையுங்கள், ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும்.

அடையாறு:
துளிர்க்கும் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். என் செடி இரண்டு அடிதான். நாலு புழு சேர்ந்து ஒரே வாரத்தில் வெறும் காம்பாக்கிவிட்டன, அந்தச் செடி பிழைக்கவே இல்லை. தரையில் வேர்விட்ட மரமும் ஜன்னல் தொட்டியும் ஒன்றா? ஒன்றிரண்டை விட்டுவிட்டு மீதியைப் பக்கத்து எலுமிச்சை மரத்துக்கு மாற்றுங்கள். நான் அதைச் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரம்பூர்:
எங்கள் தெருவில் எலுமிச்சை மரம் இல்லை. இன்று காலை இளந்துளிரில் கடுகைவிடச் சின்னதாக, இளமஞ்சளாக ஒரு உருண்டை இருந்தது. ஒன்றே ஒன்று. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாளிப்புக்குக் கீழே காய்க்காரம்மாவிடம் கொசுறு வாங்கி வந்துவிட்டேன்.