கார்புரேட்டர் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி சோக்கைப் பாருங்கப்பா

பழைய அமெரிக்கன் வண்டில சோக் படுத்துன கதை இருந்தா போடுங்கன்னு கேட்டிருந்தீங்க, நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். (சோக்னா, ஆறின இன்ஜின் லேசா ஸ்டார்ட் ஆகுறதுக்காக கார்புரேட்டர் வாயை மூடி காத்தைக் குறைக்கிற தகடு.) வண்டி என்னோடது இல்ல, இங்க மிச்சிகன்ல எங்க பக்கத்து வீட்டுத் தாத்தாவோடது, 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396. பேட்ஜ்ல தான் 396, அந்த வருஷம் உள்ள இருந்தது 402 கியூபிக் இஞ்ச் இன்ஜின், பேருக்கு மவுசு இருந்ததால பழைய நம்பரையே ஒட்டி வித்தாங்க.

காலைல குளிர்ல ஒரே கிராங்க்ல ஸ்டார்ட் ஆயிடும், அதுல குறையே இல்ல. ஆனா சூடாக சூடாக கருப்புப் புகை, தெருவே பெட்ரோல் வாடை, ஐடில் குலுங்கும், பிளக்கைக் கழட்டினா கரிச்சட்டி மாதிரி இருக்கும். மனுஷன் ஒரு கடைல கார்புரேட்டரை ரீபில்ட் பண்ணி, அப்புறம் இன்னொருத்தர்கிட்டயும் குடுத்துப் பாத்துட்டார், அதே கதை தான். குவாட்ராஜெட்னாலே (அந்த வண்டில இருக்கிற கார்புரேட்டர் பேரு) தலைவலி, தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டுங்கன்னு ஆளாளுக்கு அட்வைஸ் வேற. பாவம் அந்த குவாட்ராஜெட், 1965ல வந்ததுல இருந்து யார் வீட்டு வண்டி மக்கர் பண்ணாலும் திட்டு அதுக்குத் தான்.

நம்ம அம்பாசடர்ல டாஷ்போர்டுல குமிழை இழுத்தா சோக், உள்ள தள்ளினா போச்சு, ட்ரைவர் தான் எல்லாம். இதுல தானா நடக்கும். கார்புரேட்டருக்குப் பக்கத்துல இன்டேக் மேனிஃபோல்ட்ல (பெட்ரோல் கலந்த காத்தை சிலிண்டருக்குப் பிரிச்சு விடுற பாகம்) ஒரு குழி, அதுல சூட்டுக்குத் தகுந்த மாதிரி வளையுற பைமெட்டல் சுருள் ஸ்பிரிங், அங்கேர்ந்து ஒரு சின்ன கம்பி மேல ஏறி சோக் தகட்டைப் பிடிச்சிருக்கும். குழிக்கு அடில எக்ஸாஸ்ட் காத்து ஓடுற கிராஸ்ஓவர் பாதை. ஸ்பிரிங் குளிர்ந்தா தகட்டை மூடும், சூடு ஏறினா விட்டுக்குடுக்கும். ஆக சோக்குல பாதி கார்புரேட்டருக்கு வெளில தான் இருக்கு, கார்புரேட்டரை மட்டும் கழட்டி கடைக்கு எடுத்துட்டுப் போனா அந்தப் பாதிய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.

இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ஏர் கிளீனரைக் கழட்டிட்டு ஆக்சிலேட்டரை ஒரு தடவை அடி வரைக்கும் மிதிச்சு விட்டோம், தகடு டக்குனு மூடிச்சு. சரி. ஸ்டார்ட் பண்ணோம் (குனிஞ்சு உள்ள பாக்காதீங்க, பேக்ஃபயர் ஆனா புருவம் போயிடும், கராஜ் கதவையும் திறந்து வைங்க), வேக்கம் பிரேக் (வண்டி பிரேக் இல்ல, இன்ஜின் உறிஞ்சுற வேக்கத்துல தகட்டை லேசா இழுக்கிற டயஃப்ரம்) இழுத்து தகடு லேசா திறந்துது, அதுவும் சரி. இது இழுக்கலன்னா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கும், ஹோஸ்ல வாய் வச்சு உறிஞ்சிப் பாத்தாலே தெரிஞ்சிடும், பிடிச்சு நிக்கணும். அப்புறம் காத்திருந்தோம், ரேடியேட்டர் ஹோஸ் கை வைக்க முடியாத அளவு சுட்டாச்சு, தகடு மட்டும் பாதில அப்படியே நிக்குது.

கம்பி எங்கயும் உரசல, தகட்டு ஷாஃப்ட்டும் விரலால தள்ளினா வழுக்கிட்டு ஓடுது. அப்போ ஸ்பிரிங்கா சூடான்னு தான் கேள்வி. நான் வீட்டுக்குள்ள போய் மனைவியோட ஹேர் டிரையரை எடுத்துட்டு வந்தேன், தாத்தா என்னை ஒரு மாதிரி பாத்தார். குழிக்குள்ள ஊதிட்டே இருந்தோம், கொஞ்ச நேரத்துல கம்பி மெல்ல நகர்ந்து தகடு நேரா எழுந்து நின்னுச்சு, இன்ஜின் சத்தமே மாறிடுச்சு, புகையும் நின்னுச்சு. அப்போ ஸ்பிரிங் நல்லாத் தான் இருக்கு, அதுக்கு சூடு தான் போய்ச் சேரல.

ஏன்னா முன்னாடி வச்சிருந்தவர் பவர் வேணும்னு ஹெடர்ஸ் (ஒரிஜினல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலா போடுற குழாய்கள்) மாட்டியிருக்கார். ஒரிஜினல் மேனிஃபோல்ட்ல ஹீட் ரைசர் வால்வுன்னு ஒண்ணு உண்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது எக்ஸாஸ்ட்டை கிராஸ்ஓவருக்குத் திருப்பி விடுறதே அது தான், ஹெடர்ஸ் மாட்டினதும் அதுவும் போச்சு. அது பத்தாதுன்னு அப்புறம் இன்டேக்கைக் கழட்டிப் பாத்தா, கார்புரேட்டர் கூலா இருக்கணும்னு கிராஸ்ஓவர் துளைய அடைக்கிற கேஸ்கட்டையும் போட்டு வச்சிருக்காங்க. அடுப்பையே அணைச்சுட்டு சோறு வேகலைன்னு கார்புரேட்டரைத் திட்டிருக்காங்க.

ஹெடர்ஸைக் கழட்ட தாத்தாவுக்கு மனசு வரல. அதனால அதே குழில உக்கார்ற எலக்ட்ரிக் சோக் வாங்கி மாட்டினோம், இப்போ வண்டி சுத்தமா ஓடுது.

———

என் கதையும் கேளுங்க. எங்க வீட்டு 1966 ஃபோர்ட் மஸ்டாங்ல, 289 இன்ஜின், ஆட்டோலைட் 4100 கார்புரேட்டர், வேற மாதிரி. இதுல ஸ்பிரிங் கார்புரேட்டர்லயே கருப்பு மூடிக்குள்ள இருக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வழியா போற குழாய்ல இருந்து வேக்கம் சூடான காத்தை இழுக்கும். மூணு ஸ்க்ரூவைக் கழட்டி மூடியத் திறந்தா உள்ள ஒரே கரி. சுத்தமான காத்து மட்டும் வர்ற இடத்துல கரி எப்படி வரும்? மேனிஃபோல்டுக்குள்ள குழாய் துருப்பிடிச்சு ஓட்டையாகி நேரா புகையவே உறிஞ்சிட்டு இருந்திருக்கு. அந்த மூடிய லீன் பக்கமோ (பெட்ரோல் கம்மி) ரிச் பக்கமோ (பெட்ரோல் ஜாஸ்தி) ஒவ்வொரு கோடா தான் திருப்பணும், சிலர் ரேடியோ ட்யூன் பண்ற மாதிரி திருப்புறாங்க.

———

அண்ணா, எலக்ட்ரிக் சோக்குக்கு வயர் எங்கேர்ந்து எடுத்தீங்க? என் ஷெவர்லே நோவால இக்னிஷன் காயில் பிளஸ்ல குடுத்தேன், தகடு முழுசா திறக்கவே மாட்டேங்குது.

———

காயில்ல எடுக்காதீங்க தம்பி. பாயின்ட்ஸ் (பழைய டிஸ்ட்ரிபியூட்டர்ல காயில் கரன்ட்டை விட்டு விட்டு வெட்டுற ஸ்விட்ச்) வச்ச வண்டில காயிலுக்குப் போற வயரே ரெசிஸ்டன்ஸ் வயர், வண்டி ஓடும்போது முழு 12 வோல்ட் வராது, போதாக்குறைக்கு ஸ்பார்க்கும் வீக் ஆயிடும். ஃப்யூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா மட்டும் கரன்ட் வர்ற இக்னிஷன் முனைல இருந்து ஃப்யூஸோட எடுங்க. இன்ஜின் ஓடாம சாவிய ஆன்ல போட்டு பாட்டுக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா சோக் பாட்டுக்கு சூடாகித் திறந்துடும், அப்புறம் கோல்ட் ஸ்டார்ட் ஆகலைன்னு அலைவீங்க. அது வேணாம்னா நடுவுல ஒரு ஆயில் பிரஷர் ஸ்விட்ச் போட்டுக்கோங்க, இன்ஜின் ஓடினா தான் கரன்ட் போகும்.