செட்டிநாட்டு வீட்டில் ஒரு கொலைக்கதை: ஐந்தாவது எபிசோடில் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: கானாடுகாத்தான் ரசிகை

2022-ல் மட்டும் ‘சுழல்’, ‘விலங்கு’, ‘வதந்தி’ என்று மூன்று தமிழ் வெப் தொடர்கள் வந்தன. மூன்றிலுமே ஊர் வெறும் பின்னணியாக நிற்கவில்லை, கதையை அதுதான் நகர்த்தியது. மயானக் கொள்ளைத் திருவிழாவை எடுத்துவிட்டால் ‘சுழல்’ இல்லை. ‘வதந்தி’யில் இறந்துபோன பெண்ணைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லத்தான் அவள் நமக்கு ஒரு ஆளாகத் தெரிகிறாள். இதற்கு மேலே நம் தொடர்கள் போகவேண்டும் என்பது என் ஆசை.

என் குறை பொதுவானது. முதல் மூன்று எபிசோடு பிரமாதமாகப் போகும். ஐந்து, ஆறில் தொய்வு. எட்டாவதில் குற்றவாளி உட்கார்ந்து இருபது நிமிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். அதுவரை புத்திசாலியாக இருந்த இன்ஸ்பெக்டர் நடுவில் மட்டும் கண் தெரியாதவர் மாதிரி நடந்துகொள்வார்.

நண்பர்கள் சேர்ந்து 45 நிமிடம் வீதம் 8 எபிசோடுக்கு ஒரு கதை எழுதுகிறோம். களம், பங்காளிகள் வெளியூரில் இருக்க பாதி பூட்டிக் கிடக்கும் ஒரு நாட்டுக்கோட்டை வீடு. கொலையாகிறவர் அங்கே தனியாக இருக்கும் 70 வயது ஆச்சி. நடுப்பகுதி தொய்யாமல் இருக்க என்ன செய்யவேண்டும்? வீட்டையும் போலீஸ் நடைமுறையையும் எங்கே பிசகாமல் எழுதவேண்டும்?

பதில் 1: திரைக்கதைப் பித்தன்

தொய்வுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கொலையாளி யார் என்று எழுதுகிறவருக்கே நான்காவது எபிசோடு வரை முடிவாகியிருக்காது. அதனால் ஒரு சந்தேக நபரைப் பிடிப்பது, ஒரு எபிசோடு விசாரிப்பது, ‘இவர் இல்லை’ என்று விடுவது, அடுத்தவரைப் பிடிப்பது என்று ஓடும். விடுவித்த பிறகு வழக்கு தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. பார்க்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

காட்சி எழுதுவதற்கு முன்னால் கொலையாளியின் நாளை எழுதுங்கள். ஒரு பெரிய தாளில் நான்கு பத்தி: மணி, நடந்தது, அது யாருக்குத் தெரியும், என்ன தடயம் விழுந்தது. கொலைக்கு ஒரு மாதம் முன்பிருந்து கைது வரை. நான்காவது பத்தி காலியாக இருக்கும் வரிகள்தான் உங்கள் கதையின் ஓட்டைகள். போலீஸ் அங்கே போய்ச் சேர வழியே இருக்காது. அந்த இடத்தில்தான் ‘திடீரென்று ஞாபகம் வந்தது’ என்று ஒரு சாட்சி வந்து நிற்பார்.

சந்தேக நபர் ஒவ்வொருவரும் விலகும்போது உண்மையான ஒரு தகவலை விட்டுவிட்டுப் போகவேண்டும். பால்காரரைச் சந்தேகிக்கிறீர்களா? அவர் நிரபராதி என்று ஆகும்போதே ‘காலை ஐந்தே முக்காலுக்குப் பின்வாசல் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது’ என்பது அவர் வாயால் நிலைபெறட்டும். அப்போது தவறான பாதையும் வீண் போகாது, இன்ஸ்பெக்டரும் முட்டாளாகத் தெரியமாட்டார். எட்டு எபிசோடுக்கு நான்கு சந்தேக நபர்கள் தாராளம். ஆறு பேர் என்றால் யாருமே மனதில் நிற்கமாட்டார்கள்.

குற்றவாளியை ஒளித்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. 1971-ல் தொடராக வரத் தொடங்கிய அமெரிக்கத் துப்பறியும் கதையான ‘கொலம்போ’வில் கொலையாளியைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். எங்கே சறுக்குவான் என்பதுதான் கேள்வி. உங்கள் நான்காவது எபிசோடு முடிவிலேயே ஆளைக் காட்டிவிட்டு, மீதி நான்கை ‘நிரூபிக்க முடியுமா’ என்று கொண்டுபோகலாம். தொய்வுக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல மருந்து இது.

இன்ஸ்பெக்டருக்குக் குடிப்பழக்கம், விவாகரத்து, பழைய துக்கம் என்று ஏற்றிவிட்டால் பாத்திரம் ஆழமாகிவிடாது. அந்தக் காயம் வழக்கில் ஒரு முடிவை மாற்றவேண்டும். ‘பிராட்சர்ச்’ என்ற பிரிட்டிஷ் தொடரில் போலீஸ் அதிகாரி எல்லி மில்லர், கொலை நடந்த சின்ன ஊரிலேயே வாழ்கிறவர். விசாரிக்கவேண்டியவர்கள் எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். அவருடைய அந்தரங்கமும் வழக்கும் ஒரே நூல். அதனால்தான் அவர் மனதில் நிற்கிறார்.

பதில் 2: கோர்ட் வாசல்

கடைசி எபிசோடு ஒப்புதல் வாக்குமூலத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. முன்பு சாட்சியச் சட்டம் 25, 26, 27 என்று இருந்ததெல்லாம் 1.7.2024 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன. அதில் ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்பைத் தொட்ட வாசகம் மட்டும் செல்லும். ‘ஆச்சியை அடித்தேன், சாவிக்கொத்தை ஊருணியில் போட்டேன், இடத்தைக் காட்டுகிறேன்’ என்றால் முதல் பாதி அடிபட்டுப் போகும். பின்பாதி நிற்கும். அந்த இடம் போலீஸுக்கு முன்னமே தெரிந்திருந்தால் அதுவும் போச்சு. ஆகவே உங்கள் உச்சக்காட்சியை ஊருணிக் கரையில் வையுங்கள். வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாக நிற்க, தண்ணீருக்குள் ஆள் இறங்கித் தேடட்டும். சாவிக்கொத்து கிடைக்குமா என்பதிலேயே வழக்கு தொங்குகிறது.

தொடக்கத்தையும் சரியாக வையுங்கள். தனியாக இருந்த முதியவர் இறந்து கிடந்தால் முதலில் சந்தேக மரணம் என்றுதான் பதிவாகும், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194. பிரேதப் பரிசோதனையில் கழுத்தெலும்பு முறிவோ வேறு காயமோ தெரிந்த பிறகு கொலைக்கான பிரிவுக்கு, அதாவது பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 103-க்கு மாற்றி, கோர்ட்டுக்குப் பிரிவு மாற்ற அறிக்கை போகும். இரண்டாவது எபிசோடு முடிய இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதற்குள் உறவினர்கள் உடலைக் குளிப்பாட்டி, வளவை (வீட்டின் நடு முற்றத்தை) கழுவிவிட்டிருந்தால் தடயம் பாதி போயிருக்கும். கெட்ட எண்ணமே இல்லாமல் நடக்கிற சேதம் அது.

வழக்கமாக எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். போடலாம், கொலை விசாரணையை இன்ஸ்பெக்டர்தான் எடுப்பார். எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார். இரவு பதினொன்றுக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மறுநாள் மாலைதான் போய்ச் சேர்ந்தது என்றால், ‘இடையில் உட்கார்ந்து யோசித்து எழுதினீர்களா?’ என்ற கேள்வி வரும். ‘சுழல்’ கதையில் இன்ஸ்பெக்டரின் சொந்த மகன் பெயரே வழக்கில் அடிபடுகிறது. நாடகமாகப் பார்த்தால் பலமான முடிச்சு. நிஜத்தில் அந்த நிமிடமே வழக்கு வேறு அதிகாரிக்குப் போகவேண்டும். உங்கள் கதையில் இப்படி வந்தால், மாற்ற மறுக்கும் டி.எஸ்.பி.க்கு ஒரு காரணம் கொடுங்கள்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. கையில் கடிகாரம் கட்டின மாதிரி இந்த மூன்று கெடுவும் கதைக்குள் ஓடட்டும், பதற்றம் தானாக வரும்.

டாக்டர் ‘மரணம் இரவு 10.15’ என்று சொல்லமாட்டார். உடல் விறைப்பு பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தெரிய ஆரம்பித்து, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் முழுக்கப் பரவும். சித்திரை வெயிலில் எல்லாமே வேகம். அவர் கொடுப்பது ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ‘நான் வேறு இடத்தில் இருந்தேன்’ என்று காட்ட இரண்டு பேருக்கு ஆள்சாட்சி இல்லாமல் இருப்பதுதான் உங்கள் கதை.

பதில் 3: இரண்டாம் கட்டு

வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பல தொடர்களில் தூணையும் ஆத்தங்குடித் தரைக் கல்லையும் காட்டுவார்கள், வீடு எப்படி இயங்குகிறது என்பது கதையில் இருக்காது.

முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போகும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் முகப்பில் நின்று பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம். நடுவில் ஒரு கதவு சாத்தியிருந்தால் பின்கட்டில் நடப்பது முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே ‘அந்த நேரத்தில் எந்தக் கதவு சாத்தியிருந்தது’ என்பதே ஒரு விசாரணை. முதல் எபிசோடில் காமிரா ஒரு முறை இந்த நேர்கோட்டில் நடந்து காட்டிவிட்டால் பிறகு விளக்கவே வேண்டாம்.

வளவைச் சுற்றி உள்ள அறைகள் பங்காளிகளுக்குத் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் வேறு பூட்டு, சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். பூட்டிக்கிடக்கும் அறையின் தூசு உங்களுக்குப் பெரிய சாட்சி. கலையாத தூசில் விழுந்த ஒற்றைக் காலடி போதும். ‘படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) வந்தபோது திறந்தோம்’ என்று ஒருவர் சொல்ல, தூசு வேறு சொல்லட்டும்.

கொலைக்கான காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முழு வீட்டை விற்கப் பங்குதாரர் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் தன் பிரிபடாத பங்கை மட்டும் வெளி ஆளுக்கு விற்கலாம். ஆனால் சொத்து மாற்றச் சட்டம் 44-ஆம் பிரிவுப்படி, பிரியாத குடும்பத்து வீட்டில் அந்த வெளி ஆள் கூட்டாகக் குடியேற உரிமை கோரமுடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி குடும்பத்தார் அந்தப் பங்கைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடமறுக்கும் ஒரே ஆள் அந்த ஆச்சி என்றால் எல்லாருக்கும் காரணம் வந்துவிடுகிறது. சுவீகாரத்தையும் சேர்க்கலாம். 15 வயது நிறைந்தவரைத் தத்தெடுத்தால் அதற்கு வழக்கம் உண்டு என்று நிரூபிக்கவேண்டியிருக்கும். அந்தச் சிக்கலே ஒரு முழு எபிசோடு.

ஆச்சியைப் பிணமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். சாமான் அறைக்கு ஒரு சிட்டை (கணக்குக் குறிப்பு) வைத்திருப்பார். எந்த அலமாரியில் எத்தனை எவர்சில்வர் தூக்கு, எத்தனை பர்மா அரக்குப் பெட்டி, யாருக்கு எந்தத் தேதியில் இரவல் போனது, திரும்பியதற்குப் பென்சிலில் ஒரு சின்ன டிக். டிக் விழாத ஒரு வரியை இன்ஸ்பெக்டர் மூன்று நாள் கழித்துத்தான் கவனிக்கிறார். அந்தப் பெண்மணி எப்படிப்பட்டவர் என்பதும் துப்பும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும். காணாமல் போன சாமான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்ததா என்று தேடுவது இயல்பான அடுத்த படி.

இன்னொன்று. செட்டிநாடு ஒரே மாவட்டம் இல்லை. கானாடுகாத்தான் சிவகங்கை, ராயவரம் புதுக்கோட்டை. எஸ்.பி. வேறு, ராமநாதபுரம் சரகம், திருச்சி சரகம் என்று டி.ஐ.ஜி.யும் வேறு. சந்தேக நபர் சிறிது தூரம் போனாலே ஃபைல் இரண்டு அலுவலகம் ஏறவேண்டும்.

கானாடுகாத்தான் ரசிகை

ஊருணிக் கரை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். இப்போது பல வீட்டு முகப்பில் கேமரா இருக்கிறதே, அது இருந்தால் கதையே முதல் எபிசோடில் முடிந்துவிடாதா?

பதில் 2: கோர்ட் வாசல்

முடியாது. முகப்புக் கேமரா பின்தெருவைப் பார்க்காது. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும், சின்ன டிஸ்க்கில் இரண்டு வாரம் தங்கினாலே பெரிது. சந்தேக மரணம் என்று சும்மா கிடக்கும் நாட்களிலேயே அது அழிந்துபோகலாம். கிடைத்தாலும், சாட்சிய அதினியம் 63-ன்படி ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சான்றிதழ் வேண்டும். டி.வி.ஆர். (கேமரா காட்சியைப் பதியும் பெட்டி) கடிகாரத்தையும் பாருங்கள். அது 12 நிமிடம் பின்னால் ஓடினால், பெட்டியைக் கைப்பற்றும்போதே சரியான மணியையும் திரையில் தெரிந்த மணியையும் மகஜரில் (கைப்பற்றிய குறிப்பில்) பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும். எழுதாமல் விட்டால், குறுக்கு விசாரணையில் அந்த 12 நிமிடத்துக்குள் வக்கீல் தன் கட்சிக்காரரைப் பத்திரமாகப் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்.