மடக்குக் கத்தியின் அலகு நடுவில் நிற்கவில்லை: இது குறையா?

கேள்வி: புதிய மடக்குக் கத்தியை மூடினால் அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சற்றே சாய்கிறது, கைப்பிடியில் மயிரிழை போன்ற கீறலும் உள்ளது. திருப்பி அனுப்பலாமா?

பதில் 1: கைப்பிடியின் உட்புறத் தகட்டை அலகு உரசாதவரை சாய்வு தோற்றக் குறை மட்டுமே, அலகு சுழலும் அச்சாக உள்ள திருகின் இறுக்கத்தைச் சிறிது மாற்றினால் பெரும்பாலும் நேராகிவிடும். ஆனால் கத்தியைத் திறந்து, அலகு மடங்காதபடி பூட்டி, அலகின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து மேலும் கீழுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் பூட்டு சரியாகப் பொருந்தவில்லை, அதைத் திருகால் திருத்த முடியாது. பக்கவாட்டு ஆட்டம் அவ்வளவு கவலைக்குரியதன்று.

பதில் 2: கீறலை நான் பொறுத்துக்கொள்வேன். மூடிய நிலையில் கூர்முனை கைப்பிடிக்கு வெளியே நீண்டிருந்தால் மட்டும் ஒருபோதும் ஏற்கமாட்டேன்; சட்டைப்பையில் கைவிடும்போது விரலைக் கிழித்துவிடும்.

கேட்டவர்: மேல்கீழ் ஆட்டம் இல்லை, முனையும் உள்ளேயே மறைகிறது. வைத்துக்கொள்கிறேன்.