14 நாள் தாண்டிய பீரைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டுமா?

வண்டல்நேசன்:
வீட்டில் காய்ச்சிய பீருக்கு ஈஸ்ட் தூவி மூன்று வாரம் ஆகிவிட்டது, பாட்டிலில் அடைக்க நேரம் கிடைக்கவில்லை, என்ன செய்வது என்று ஒரு புதியவர் இங்கே கேட்டிருந்தார். கசப்பன் அவருக்குச் சொன்ன பதில்: "14 நாளுக்கு மேல் ஈஸ்டின் மீது கிடந்த பீர் கெட்ட பீர். ஊற்றிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்." அவரும் நம்பி 20 லிட்டரையும் ஊற்றிவிட்டார். ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக்கூட யாரும் அவருக்குச் சொல்லவில்லை. படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. சுத்தமான கலன், இறுக மூடிய மூடி, 18 முதல் 20 டிகிரி வெப்பம் இருந்தால் சாதாரண ஏல் (அதிகம் குளிரவைக்காமல் நொதிக்கும் பீர் வகை) மூன்று வாரமோ நான்கு வாரமோ இருந்தாலும் ஒன்றும் ஆகாது. முன்பைவிடத் தெளிந்திருக்கும், அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது இந்த 14?

கசப்பன்:
அனுபவத்திலிருந்து வந்தது. சர்க்கரை தீர்ந்தபின் ஈஸ்ட் செல்கள் சாகத் தொடங்கும். அவற்றின் சொந்த நொதிகளே அவற்றைக் கரைக்கும். உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலமும் புரதச் சிதைவும் பீரில் இறங்கும். ரப்பர் வாடை, சோயா சாஸ் வாடை எல்லாம் அப்படி வருபவைதான். நுரையும் நிற்காது. 14 நாள் என்பது என் முடிவு. வேண்டாதவர்கள் குடித்துப் பார்க்கட்டும்.

வண்டல்நேசன்:
ஈஸ்ட் இப்படித் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் தன்சிதைவு இல்லை என்று யார் சொன்னார்கள்? எப்போது நடக்கிறது என்பதுதானே கேள்வி. பெரிய ஆலைகளில் கூம்பு அடித்தொட்டியில் ஈஸ்ட் குவியலாக இறுகிக் கிடக்கும். மேலே பல மீட்டர் பீரின் அழுத்தம். குவியலின் நடுவில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறும். அதனால்தான் அவர்கள் ஈஸ்டைச் சீக்கிரம் வடித்துவிடுகிறார்கள். நம் வாளியில் விரல் கனத்துக்கு வண்டல் பரவிக் கிடக்கிறது. இரண்டும் ஒன்றா? பாட்டிலிலேயே வாயு ஏற்றும் பீர் மாதக்கணக்கில் ஈஸ்டோடுதான் இருக்கிறது. அதை நீங்களும்தானே குடிக்கிறீர்கள்? ஷாம்பெயினுக்குச் சட்டப்படியே குறைந்தது 12 மாதம் ஈஸ்ட் வண்டலின் மீது கிடக்க வேண்டும்.

கசப்பன்:
பீரைப் பற்றிக் கேட்டால் ஷாம்பெயின் வருகிறது. அதில் ஈஸ்ட் கரைந்து வரும் சுவையைத்தான் தேடுகிறார்கள். நாங்கள் தேடவில்லை. 14 நாள்.

மால்ட்மணி:
ஒரு சந்தேகம். 14 நாள் என்பது ஈஸ்ட் தூவிய நாளிலிருந்தா, நொதிப்பு அடங்கிய நாளிலிருந்தா? இரண்டுக்கும் ஒரு வாரம் வித்தியாசம் வருமே.

ஏழாம்நாள்:
எதற்கு இத்தனை வாதம்? ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீர் அடைப்பில்) குமிழி நின்றதும் அடைத்துவிட வேண்டியதுதான். எனக்கு ஏழு நாள் போதும்.

வண்டல்நேசன்:
குமிழியை நம்புகிறவர்களுக்கு நான் எத்தனை முறை எழுதுவது! மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் வாயு அந்த வழியே போகும், குமிழி வராது. அறை சூடானால் நொதிப்பு முடிந்த பீரிலும் குமிழி வரும். பீரின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண் வர வேண்டும். 1.012 வரை இறங்க வேண்டிய பீரை 1.016-இல் அடைத்தால் மிச்சமிருக்கும் நான்கு புள்ளிகள் (1.016-க்கும் 1.012-க்கும் உள்ள வித்தியாசம்) பீரின் கன அளவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வாயுவைக் கூடுதலாகக் கொடுக்கும். அதன் மேல் பாட்டிலில் வாயு ஏற நீங்கள் போடும் சர்க்கரை வேறு. பாட்டில் வெடித்தால் கண் போகும். வெண்ணெய் வாடைக்கும் பச்சை ஆப்பிள் வாடைக்கும் பெரும்பாலும் அவசரமே காரணம். ஈஸ்ட் அவற்றைத் திரும்ப உறிஞ்ச நாள் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை வேண்டாம், மீட்டரைப் பாருங்கள்.

ஏழாம்நாள்:
என் பாட்டில் எதுவும் வெடித்ததில்லை. மூடியைத் திறக்காதே என்கிறீர்கள், இரண்டு முறை அளந்து பார் என்கிறீர்கள். திறக்காமல் எப்படி அளப்பது? உள்ளே போகும் ஆக்ஸிஜன் உங்களுக்கு மட்டும் தீங்கு செய்யாதா?

வண்டல்நேசன்:
அடியில் குழாய் வைத்த கலன் என்று ஒன்று இருக்கிறது.

கசப்பன்:
இவர் இப்படித்தான். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் பற்றிய விவாதத்தில், அதைப் பீரில் பத்து நாள் ஊறவிடலாம் என்று எழுதியவர். கேட்டவர்களுக்குப் புல் வாடை அடிக்கும் பீர் கிடைத்தது. அங்கே காட்டிய அதே பிடிவாதத்தை இங்கேயும் காட்டுகிறார்.

வண்டல்நேசன்:
நான் எழுதியது மூன்று அல்லது நான்கு நாள். பத்து நாள் என்றது வேறொருவர். அப்போதே மறுத்தேன். அதையே திரும்பத் திரும்ப என் தலையில் கட்டுகிறீர்கள். ஹாப்ஸ் போட்ட பிறகு அதிலுள்ள நொதிகளால் அடர்த்தி மீண்டும் இறங்கும், காத்திருங்கள் என்றும் அதே இடத்தில் எழுதினேன். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

புதுக்கை:
ஊற்றியவன் நான்தான். குழாயில் பிடித்துப் பார்த்தபோது பீர் தெளிவாக இருந்தது. கண்ணாடிக் குவளையின் மறுபக்கம் வைத்த என் விரல் ரேகை தெரிந்தது. ரொட்டி வாசனை லேசாக இருந்தது, வேறு வாடை இல்லை. மீட்டர் 1.011 காட்டியது. 14 தாண்டியதால் ஊற்றினேன்.

வண்டல்நேசன்:
கேட்டீர்களா கசப்பன்? 1.011, தெளிவு, வாடை இல்லை. பாட்டிலில் அடைத்திருக்க வேண்டிய பீரைக் கொட்ட வைத்திருக்கிறீர்கள். அவருடைய உழைப்புக்கு யார் பதில் சொல்வது?

கசப்பன்:
அன்று வாடை இல்லாவிட்டால் பாட்டிலில் வந்திருக்கும். ஊற்றியது நல்லதே. அறை வெப்பம் 30 டிகிரி என்று அவரே முதல் கேள்வியில் எழுதியிருக்கிறார், அதை நீங்கள் படிக்கவே இல்லை. 18 டிகிரிக் கணக்கை 30 டிகிரிக்காரரிடம் விற்கிறீர்கள். சூட்டில் ஈஸ்ட் சீக்கிரம் சிதையும் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

வண்டல்நேசன்:
சூட்டில் சிதைவு விரைவாகும், யார் மறுத்தார்கள்? மெல்லிய பிளாஸ்டிக் வாளியில் மாதக்கணக்கில் வைத்தால் சுவர் வழியாகவே ஆக்ஸிஜன் நுழையும், ஏர்லாக்கில் நீர் வற்றும். அதனால் நான் வருடக்கணக்கில் வைக்கச் சொல்லவில்லை. சூடான அறையோ குளிர்ந்த அறையோ, கொட்டும் முன் சுவைத்துப் பார்க்கச் சொல்வதுதானே முறை? 15-ஆம் நாள் காலையில் ஈஸ்ட் எல்லாம் ஒன்றாகச் சாகும் என்று எந்த ஈஸ்ட் உங்களிடம் சொன்னது?

மால்ட்மணி:
ஈஸ்ட் தூவிய நாளிலிருந்தா, அடங்கிய நாளிலிருந்தா? யாராவது சொல்லுங்கள்.

கசப்பன்:
14 நாள் என்றால் 14 நாள்.

ஏழாம்நாள்:
வண்டல்நேசன், அந்தக் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தையும் எடுத்துக் கழுவுகிறீர்களா? புளிப்புக் கிருமி தங்கும் இடமே அதுதான். இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

வண்டல்நேசன்:
ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுகிறேன். நீங்கள் குமிழி எண்ணும் ஏர்லாக்கை எப்போது கழுவினீர்கள்?