கணினியில் இருக்கிறது, போனில் இல்லை: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மெயில் பஞ்சாயத்து

பெரியப்பா: யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கள். காப்பீட்டு அலுவலகத்தில் நின்றுகொண்டு பாலிசி மெயிலைப் போனில் தேடு தேடென்று தேடினேன், கிடைக்கவே இல்லை. நேற்று இரவுதான் அதைக் கணினியில் திறந்து படித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணினியில் அப்படியே இருக்கிறது. ஒரே முகவரி, ஒரே கடவுச்சொல், அப்புறம் ஏன் இப்படி?

செல்வா: போனில் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள் பெரியப்பா.

கவிதா: பொறு செல்வா. பெரியப்பா, எதையும் நீக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள், கணினி அணைந்திருக்கும்போது புது மெயில் போனுக்கு ஒழுங்காக வருகிறதா? கணினியைப் போட்ட பிறகு அதே மெயில் போனிலிருந்து காணாமல் போகிறதா?

பெரியப்பா: ஆமாம்மா! அதேதான். காலையில் போனில் பார்த்தது மத்தியானம் இருக்காது. கை தவறி அழித்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவிதா: நீங்கள் அழிக்கவில்லை. கணினியில் மெயில் பார்க்கத் தண்டர்பேர்ட் என்ற மென்பொருள்தானே வைத்திருக்கிறீர்கள்? அதில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதற்குள் சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கடவுச்சொல் எதுவும் படத்தில் தெரிய வேண்டாம்.

பெரியப்பா: 📷 படம்

கவிதா: சரி, தெரிந்துவிட்டது. சர்வர் டைப் என்ற இடத்தில் பாப் என்று இருக்கிறது பாருங்கள், போர்ட், அதாவது இணைப்பு எண், 995. அதுதான் காரணம். சர்வர் என்பது மெயில் நிறுவனத்தின் கணினி, அங்கிருந்து மெயிலை எடுக்கும் ஒரு முறைதான் பாப். பாப் என்றால் தபால் நிலையத்துக்குப் போய் நமக்கு வந்த கடிதங்களை வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவது மாதிரி, அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. உங்கள் கணினி ஒவ்வொரு முறையும் சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொண்டு அங்கே இருப்பதை அழிக்கச் சொல்லிவிடுகிறது. போனில் இருக்கும் கணக்கு ஐமேப் என்ற இன்னொரு முறை, அது சர்வரில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் காட்டும். சர்வரில் இல்லை, அதனால் போனிலும் இல்லை. போன் மேல் ஒரு தப்பும் இல்லை.

மாமா: அப்படியென்றால் அந்த பாப்பை ஏன்தான் வைத்திருக்கிறார்கள்?

கவிதா: அது வந்த காலம் வேறு மாமா. தொலைபேசி லைனில் கொஞ்ச நேரம் இணைத்து, மெயிலை இறக்கிக்கொண்டு, லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படித்த காலம். சர்வரில் இடமும் குறைவு, வீட்டுக்கு ஒரு கணினிதான். அதற்கு பாப் சரியாகவே இருந்தது. இப்போது புழக்கத்தில் இருக்கிற பாப் 3 என்ற பதிப்புக்கான வரையறை 1996இல் வந்தது. ஐமேப் ஏதோ புதிது என்று நினைக்க வேண்டாம், ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் அதை 1986லேயே உருவாக்கிவிட்டார். மெயில் சர்வரிலேயே இருக்கட்டும், எந்தக் கருவியிலிருந்து வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதுதான் அவர் யோசனை. கையில் போன், மேசையில் கணினி என்று ஆன பிறகுதான் அதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

செல்வா: அக்கா, பாப்பிலேயே மெயிலை சர்வரில் விட்டு வைக்க ஒரு டிக் இருக்கிறதே. அதைப் போட்டால் போதாதா? எதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்?

கவிதா: நல்ல கேள்வி. பெரியப்பா, அந்த டிக்கை இப்போதே போடுங்கள், 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்று இருக்கும். அதற்குக் கீழேயே இத்தனை நாள் வரை என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இனி வரும் மெயில் போனிலிருந்து மறையாது. ஆனால் செல்வா, இது ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போடுவதுதான், அதோடு முடியாது. பாப்பில் படித்தது படிக்காதது என்று சர்வரிடம் சொல்லவே வழி கிடையாது. பெரியப்பா கணினியில் ஐம்பது மெயில் படித்து முடித்தாலும் போனில் அந்த ஐம்பதும் படிக்காததாகத் தடித்த எழுத்தில் நிற்கும். ஃபோல்டர் என்ற ஒன்றே பாப்புக்குத் தெரியாது, இன்பாக்ஸ் மட்டும்தான். கணினியிலிருந்து அனுப்பியது கணினியிலேயே தங்கிவிடும். ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலோடும் படித்தது, பதில் போட்டது, நட்சத்திரம் இட்டது, வரைவு, அழித்தது என்ற அடையாளங்கள் சர்வரிலேயே இருக்கின்றன. நீ போனில் படித்த அடுத்த நிமிடம் கணினியில் அந்தத் தடித்த எழுத்து போய்விடுவது அதனால்தான். போனும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. இரண்டும் சர்வரோடு பேசுகின்றன, அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால் மெயில் விஷயத்தில் முக்கால்வாசி குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரியப்பா: புரிந்தது மா. அப்படியென்றால் அந்த பாப் என்பதை ஐமேப் என்று மாற்றிவிடட்டுமா? அந்த இடத்தைத் தொட்டால் எதுவும் திறக்கவில்லையே.

கவிதா: இருக்கிற கணக்கை அப்படி மாற்ற முடியாது. அதே முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்க்க வேண்டும், போர்ட் 993. அதற்கு முன்னால் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். உங்கள் பழைய மெயில் எல்லாம் இன்றைக்கு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அந்தக் கணினியின் டிஸ்க். அது போனால் எல்லாம் போய்விடும். ஹெல்ப் மெனுவில் டிரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும், அதைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர், அதாவது உங்கள் மெயில் எல்லாம் சேமித்திருக்கும் ஃபோல்டர், எங்கே இருக்கிறது என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுசாக ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். அது முடிந்ததும் சொல்லுங்கள்.

மாமா: கவிதா, இடையில் என் விஷயம் ஒன்று. எனக்கு இரண்டிலும் ஐமேப்தான், வருவதெல்லாம் சரியாக வருகிறது. ஆனால் போனிலிருந்து நான் அனுப்பியது கணினியில் 'சென்ட்' பெட்டியில் தெரிவதில்லை. ஆளுக்குப் போய்ச் சேருகிறது, பதிலும் வருகிறது.

கவிதா: மாமா, அனுப்புவது வேறு வழி, எஸ்எம்டிபி. அது கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி, நகல் வைப்பது அதன் வேலை இல்லை. அனுப்பி முடித்ததும் உங்கள் ஆப்தான் தனியாக ஐமேப் வழியாக ஒரு நகலைச் சர்வரில் போடுகிறது. எந்த ஃபோல்டரில் போடுவது என்பதில் ஆப்புக்கு ஆப் வித்தியாசம். ஒன்று 'சென்ட்' என்று வைக்கும், இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்', இன்னொன்று 'சென்ட் மெசேஜஸ்'. கணினியில் இடதுபக்கம் ஃபோல்டர்களை எல்லாம் விரித்துப் பாருங்கள், இதே மாதிரி இன்னொரு பெட்டி இருக்கும்.

மாமா: இருக்கிறது! 'சென்ட் ஐட்டம்ஸ்'. உள்ளே போனிலிருந்து போட்டதெல்லாம் குவிந்து கிடக்கிறது.

கவிதா: அப்படியென்றால் இரண்டையும் ஒரே பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள். கணினியில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ், அங்கே நகல் எங்கே போக வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வரைவுப் பெட்டிக்கும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள், போனில் பாதி எழுதியதைக் கணினியில் தொடர வேண்டுமென்றால் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டி இன்ன வேலைக்கு என்று சர்வரே அடையாளம் சொல்லும் முறை 2011இலேயே வந்துவிட்டது, ஆனால் எல்லாச் சர்வரும் எல்லா ஆப்பும் அதைப் பின்பற்றுவதில்லை. ஜிமெயிலில் இந்தத் தொல்லை குறைவு, அனுப்பியதைச் சர்வரே எடுத்து வைத்துக்கொள்ளும்.

சித்தி: எனக்கு மெயில் வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது. லேப்டாப்பில் பார்த்து ரொம்ப நேரம் கழித்துத்தான் ஐபோன் சத்தம் போடுகிறது. ஜிமெயில்தான், ஆனால் போனோடு வந்த மெயில் ஆப்பில் பார்க்கிறேன்.

கவிதா: சித்தி, அந்த ஆப்பில் ஜிமெயில் உடனுக்குடன் வராது, போன் போய்க் கேட்டால்தான் வரும். செட்டிங்ஸில் மெயில் அக்கவுண்ட்ஸ் போங்கள், ஃபெட்ச் நியூ டேட்டா என்று இருக்கும். அதில் ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா?

சித்தி: ஆமாம், அதுதான் இருக்கிறது. தானாக நடப்பது நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

கவிதா: பெயர் அப்படி. ஆனால் போன் சார்ஜில் இருந்து வைஃபையிலும் இருந்தால்தான் அது பின்னணியில் மெயிலை எடுக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும், பேட்டரி சற்றுக் கூடுதலாகக் குறையும். உடனே வேண்டுமென்றால் ஜிமெயில் ஆப்பையே போட்டுக்கொள்ளுங்கள் சித்தி, நான் அதைத்தான் சொல்வேன். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு இதே தாமதம் பேட்டரி சேமிப்பால் வரும், மெயில் ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும்.

பெரியப்பா: காப்பி எடுத்து முடித்தேன். ஐமேப் கணக்கும் சேர்த்துவிட்டேன். இப்போது ஒரே முகவரி இடதுபக்கம் இரண்டு முறை தெரிகிறது.

கவிதா: அப்படித்தான் தெரிய வேண்டும். பழையதில் கணினியில் மட்டும் இருப்பவை, புதியதில் சர்வரில் இருப்பவை. முதலில் புது இன்பாக்ஸில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் கோட்டா பாருங்கள், சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். இருக்கிற இடத்துக்கு மேல் ஏற்றினால் புது மெயில் வருவதே நின்றுவிடும். இடம் இருந்தால் பழைய மெயிலைத் தேர்ந்தெடுத்துப் புதுக் கணக்குக்குக் காப்பி செய்யுங்கள். மூவ் வேண்டாம், காப்பி. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இழுத்துப் போடாமல் நூறு இருநூறாகப் போடுங்கள், நடுவில் இன்டர்நெட் அறுந்தாலும் எது வரை போனது என்று தெரியும். பெரிய கோப்புகள் இணைத்து வந்த, இனி தேவைப்படாத மெயிலை ஏற்றவே வேண்டாம்.

செல்வா: அக்கா, எனக்குக் கணினியில் கடவுச்சொல் தப்பு என்றே சொல்கிறது. உலாவியில் அதே கடவுச்சொல் வேலை செய்கிறது. பழைய மெயில் மென்பொருள்தான் வைத்திருக்கிறேன்.

கவிதா: ஜிமெயிலா? வெறும் கடவுச்சொல்லை வைத்து வேறு மென்பொருள் உள்ளே வருவதைத் தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே மாதத்திலேயே நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் பக்கமே திறந்து அனுமதி கேட்கிற மாதிரி புதிய மென்பொருளுக்கு மாறிவிடு. முடியாது என்றால் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு அந்த மென்பொருளுக்கென்றே ஆப் பாஸ்வேர்ட் என்று தனியாக ஒரு கடவுச்சொல் எடுத்துக்கொள்.

செல்வா: சரி அக்கா. அப்படியே இன்னொன்று, போனில் இடம் நிரம்பிவிட்டது. கணினியிலும் இருக்கிறதே என்று போனில் பழைய மெயிலை எல்லாம் அழித்துவிடலாமா?

கவிதா: செய்யாதே!! ஐமேப்பில் போனில் அழித்தால் சர்வரில் அழியும், கணினியிலும் அழியும். எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரிகிற ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி இல்லை, இதை எல்லோரும் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஜிமெயிலில் குப்பைப் பெட்டியில் 30 நாள் வரை இருக்கும், அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. போனில் இடம் வேண்டுமென்றால் எத்தனை நாள் மெயில் போனில் இருக்கட்டும் என்று ஆப்பிலேயே குறைத்துக்கொள். சர்வரில் ஒன்றும் ஆகாது.

பெரியப்பா: கவிதா, பாலிசி மெயில் போனில் வந்துவிட்டது! அதோடு இணைத்திருந்த கோப்பும் திறக்கிறது. ரொம்ப சந்தோஷம் மா. இன்னும் பழையவை ஏறிக்கொண்டிருக்கின்றன.

கவிதா: நல்லது பெரியப்பா. எல்லாம் ஏறி முடிந்ததும் பழைய பெட்டியிலும் புதுப் பெட்டியிலும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள், நீங்கள் வேண்டாமென்று விட்டதைக் கழித்து. உங்கள் முகவரிப் புத்தகம் இதோடு வராது, ஐமேப்புக்கு மெயில் மட்டும்தான் தெரியும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகப் பழைய பாப் கணக்கை எடுக்கும்போது 'ரிமூவ் மெசேஜ் டேட்டா' என்று ஒரு கட்டம் கேட்கும், அதில் டிக் போடாதீர்கள். அந்தக் கட்டம் வரும்போது எனக்கு ஒரு கால் போடுங்கள், சேர்ந்தே பார்த்துவிடுவோம்.